அளந்தவள்

பிப்ரவரி 6

பூனைக்கண்ணுக்கு,

இங்கே எல்லாரும் சுகம், என் வலது கண் நீங்கலாக. கல் தெறித்த நாளிலிருந்து அது முகத்தில் அலங்காரத்துக்குத்தான் இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? பஸ் டிப்போ வேலையில் உன் வீட்டுக்காரருக்கு முதுகுவலி என்றாயே, தேவலையா?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எண் வந்துவிட்டது.

இன்று காலை எடைமேடையில் லாரி ஏறி நிற்கும்போது தபால்காரர் ஜன்னல் வழியாக உறையை நீட்டினார். அங்கேயே கிழித்துப் பார்த்தேன். நம் சிறுகோளுக்கு நிரந்தர எண் கொடுத்துவிட்டார்கள். ஐந்து வருடமாகச் சூரியனுக்குப் பின்னால் போய் ஒளிவதும் திரும்பி வருவதுமாக நம்மைப் படுத்தி வைத்ததே, அதன் பாதை இப்போது முழுதாகத் தெரிந்துவிட்டது. இனி அது தொலையாது. நான் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு டிரைவர் பயந்துவிட்டார். "என்ன சார், லோடு அதிகமா?" என்றார். "இது எடையே போட முடியாத கல்லுப்பா" என்றேன். குவாரி ஆளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

எண் வந்தால் அடுத்தது பெயர். அதைச் சொல்லும் உரிமை கண்டுபிடித்தவருக்கு. படிவம் கூடவே வந்திருக்கிறது. பெயர் பதினாறு எழுத்துக்குள் இருக்க வேண்டும். அந்தப் பெயர் ஏன் என்று இரண்டு வரி எழுத வேண்டும். அது பெயர்க்குழுவின் சுற்றறிக்கையில் அச்சாகும்.

பெயர் எனக்குத் தெரியும். அந்த இரண்டு வரியை நீ எழுதி அனுப்பு.

உன் அண்ணன்,
கொட்டகை ராஜா

*

பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். அவருக்கு முதுகு பரவாயில்லை. உங்கள் கடிதத்தைக் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து படித்தேன். ஒரு பெரியவரின் கண்ணாடியை ஓரம் அதிகமாகத் தேய்த்துக் கெடுத்துவிட்டேன். முதலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா, அந்த நாள்? முக்கால் மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை அனுப்பியிருந்தீர்கள். கடையில் கழித்துப்போட்ட லென்ஸ்களை வைத்து நான் செய்த இரட்டைக்கண் பெட்டியில் அவற்றைப் போட்டுப் பார்த்தேன். ஒரு கண்ணுக்கு ஒரு படம். நட்சத்திரம் எல்லாம் தரையில் கொட்டிய ரவை மாதிரி தட்டையாகக் கிடந்தது. ஒரே ஒரு புள்ளி மட்டும் மேலே எழும்பி மிதந்தது. மற்றவை நின்றிருக்க அது நகர்ந்திருந்தது. எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். மிதந்தது.

அன்றைக்கு உங்களுக்குப் போன் போட்டு நான் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "கண்டுபிடிச்சவங்கன்னு இருக்கிற இடத்துல உங்க பேரை மட்டும் போடுங்க. என்னை அளந்தவள்னு போட்டாப் போதும்." கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்ளக் கூடாது என்பது மரபு ஆயிற்றே. சொந்தப் பிள்ளையின் பெயரையும் அதில் சேர்த்து வேண்டாம் என்றுவிடுவார்களோ என்று எனக்குப் பயம். ஒரு மாமா வைத்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

பதினேழு வருடமாகிறது. ஒன்பது நாள் இருந்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் "பெண் குழந்தை" என்று மட்டும் இருந்தது. பதிவு அலுவலகத்தில் பெயர்க் கட்டத்தில் கோடு போட்டுக் கொடுத்தார்கள். நான் மனதில் வைத்திருந்த பெயரை ஆஸ்பத்திரி நடைபாதையில் உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். அவரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவர் உடைந்துபோவார் என்று நாளைக் கடத்தினேன், அப்புறம் சொல்ல வாயே வரவில்லை. இப்போது சொல்வேன். சுற்றறிக்கை அச்சாகி வந்ததும் அதை அவர் கையில் கொடுத்து, இந்த வரியைப் படியுங்கள் என்பேன்.

அந்த வரி இதுதான்: "ஒன்பது நாள் வாழ்ந்த பெண் குழந்தை. இக்கோளை முதலில் பார்த்தவளின் மகள்."

ஒரு சொல்லும் மாற்றாதீர்கள். அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தங்கை

*

ஏப்ரல் 2

பூனைக்கண்ணுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. வீடு வீடாகவே இல்லை, ஆனால் நல்ல விதத்தில்.

பையன் வந்திருக்கிறான். ஆறு வருடம் இந்த வாசல் பக்கமே தலைகாட்டாதவன், வயிற்றுப் பிள்ளைக்காரியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். பிரசவம் இங்கேயே ஆகட்டும் என்று உன் அண்ணி எழுதியிருந்தாளாம், எனக்குத் தெரியாது. அவனுக்கு என் மேல் என்ன கோபம் என்று உனக்குத் தெரியும். அவன் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய அன்றைக்கும், காய்ச்சலில் கிடந்த அன்றைக்கும் நான் கொட்டகையில் தொலைநோக்கியோடுதான் இருந்தேன். "உங்களுக்கு வானத்துல இருக்கிற கல்லு தெரியும், வீட்டுல இருக்கிற மனுஷன் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனவன். இப்போது என்னோடு உட்கார்ந்து காபி குடிக்கிறான்.

போன வியாழக்கிழமை பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். கை அத்தனை சிறிது. என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

படிவத்தை அனுப்பிவிட்டேன். பெயர்க்குழு பார்த்து முடிவு சொல்ல நாலைந்து மாதம் ஆகும். இத்துடன் ஒரு ஜோடிப் படம் வைத்திருக்கிறேன், நேரம் கிடைக்கும்போது பார்.

அண்ணன்

*

ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். தாத்தா நலமா? இனி கொட்டகை ராஜா என்று யார் கூப்பிடுவார்கள், கிழட்டு ராஜா என்றுதான் கூப்பிட வேண்டும்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. அவன் என் கையில் வளர்ந்த பிள்ளை. கோபம் மூக்குக்கு மேல் இருந்தாலும் மனசு நல்ல மனசு. இனி அவனை விட்டுவிடாதீர்கள், அண்ணா. வாரத்தில் இரண்டு நாள் கொட்டகையைப் பூட்டி வைத்தால் வானம் ஒன்றும் இடிந்து விழுந்துவிடாது.

பாப்பாவுக்கு ஒரு கவுன் தைத்துக்கொண்டிருக்கிறேன். மஞ்சள் பூப்போட்ட துணி. கழுத்தோரத்தில் நூலால் பெயர் போட வேண்டும். என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? உடனே எழுதுங்கள், பிள்ளை வளர்ந்து கவுன் சின்னதாகிவிடும்.

நீங்கள் அனுப்பிய ஜோடியில் மூன்று மிதந்தன. மூன்றும் ஏற்கெனவே பட்டியலில் உள்ளவை. இருந்தாலும் அவை இருக்கும் இடத்தை அளந்து அனுப்பியிருக்கிறேன்.

படிவத்தின் நகல் ஒன்று எனக்கு வேண்டும். என்னுடைய இரண்டு வரி உங்கள் கையெழுத்தில் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசை.

தங்கை

*

மே 19

தங்கைக்கு,

எல்லாரும் நலம். உங்கள் நலம் அறிய விருப்பம்.

இங்கே வெயில் அதிகம். எடைமேடைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு நொறுக்கு இயந்திரம் வைத்திருக்கிறார்கள், பகலெல்லாம் தூசி. கொட்டகைக் கூரையைச் சாயங்காலம் துடைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டியிருக்கிறது. கேமராவின் குளிர்விசிறி பழுதாகிவிட்டது, சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன்.

கவுனில் பெயரெல்லாம் எதற்கு, சும்மா ஒரு பூப் போடேன். பாப்பா என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறோம்.

நகல் எடுக்க மறந்துவிட்டேன்.

மூன்று கற்களின் அளவுகள் வந்து சேர்ந்தன. உன் கண்ணுக்குத் திருஷ்டிதான் கழிக்க வேண்டும். வேறு விசேஷம் இல்லை.

அண்ணன்

*

ஜூன் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். உங்களுக்குத்தான் உடம்பு சரியில்லையோ என்று கவலையாக இருக்கிறது. போன கடிதம் உப்புச் சப்பில்லாமல் இருந்தது. நொறுக்கு இயந்திரத்துக்கு நாலு வரி, பேத்திக்கு ஒரு வரி. என் அண்ணன் எழுதியது மாதிரி இல்லை, மின்வாரியத்தில் இருந்து வந்த அறிவிப்பு மாதிரி இருந்தது.

பிள்ளைக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. மூன்று மாதமாகவா ஒரு வீட்டில் பெயர் முடிவாகாமல் இருக்கும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்கள். பெயர் எனக்குப் பிடிக்காது என்று நினைக்கிறீர்களா? என்ன பெயராக இருந்தால் எனக்கென்ன, அவள் நம் பிள்ளை. கவுனைக் காத்து வைத்தது போதும். கழுத்தில் பூவையே போட்டு அண்ணி பெயருக்குப் பார்சலில் அனுப்பிவிட்டேன்.

மனதில் என்ன இருந்தாலும் சொல்லுங்கள். மறுபடி பையனோடு சண்டையா?

கல்லூரி நூலகத்தில் ஒரு அம்மாளைப் பழக்கம் பிடித்து வைத்திருக்கிறேன். சுற்றறிக்கை வந்த அன்றே தனியாக எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். நேற்று அவர் என்னிடம், "நீங்க இங்க படிக்கிறீங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க, ஒரு பெயருக்காகக் காத்திருக்கேன்" என்றேன்.

தங்கை

*

ஜூலை 12

அன்பு நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது,

இங்கே எல்லாரும் சௌக்கியம். நீயும் அவரும் சௌக்கியம்தானே? நான் கடிதம் எழுதி எத்தனை வருடம் ஆகிறது, கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், சிரிக்காதே.

கவுன் வந்து சேர்ந்தது. அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கிறது. போட்டுவிட்டு மருமகள் போட்டோ எடுத்தாள், ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். பின்பக்கத்தில் பிள்ளையின் பெயரையும் பிறந்த தேதியையும் அவளே எழுதியிருக்கிறாள்.

உனக்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். மருமகள் பத்துப் பதினைந்து பெயர் யோசித்து ஒன்றும் பிடிக்காமல் இருந்தாள். உன் அண்ணன்தான் இந்தப் பெயரைச் சொன்னார். சொன்னதுமே எல்லாருக்கும் பிடித்துவிட்டது. இவருக்கு இவ்வளவு அழகான பெயரெல்லாம் எங்கிருந்து தோன்றும் என்று குடைந்து குடைந்து கேட்டேன். கடைசியில், "தங்கச்சி சொன்ன பேருதான்" என்று ஒத்துக்கொண்டார். அதனால் வருகிறவர்களிடமெல்லாம் இது அத்தை வைத்த பெயர் என்றுதான் சொல்கிறேன். நீ ஏன் என்னிடம் நேரில் சொல்லவில்லை? வெட்கமா?

ஒருமுறை வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போ.

உன் அண்ணி

*

ஜூலை 19

அண்ணாவுக்கு,

நலம்.

அண்ணியின் கடிதம் திங்கட்கிழமை வந்தது. தபாலை எடுத்தது என் வீட்டுக்காரர். நான் சமையலறையில் இருந்தேன். அவர் கூடத்தில் நின்றுகொண்டே சத்தமாகப் படித்தார். போட்டோவைத் திருப்பி, பின்னால் எழுதியிருந்த பெயரையும் படித்தார். "நல்லா இருக்கே பேரு" என்றார்.

பதினேழு வருடத்தில் அந்தப் பெயர் எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்லப்பட்டது அதுதான் முதல் தடவை.

பாத்திரம் கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அண்ணியை ஒரு குறையும் சொல்ல மாட்டேன், பாவம், அவருக்கு என்ன தெரியும். உங்களைத்தான் கேட்கிறேன். உலகத்தில் வேறு பெயரே கிடைக்கவில்லையா? நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒன்றே ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, என்னிடமே நொறுக்கு இயந்திரக் கதை சொன்னீர்களே. கவுனில் பூப் போடச் சொன்னீர்களே. கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேனோ என்னவோ. கேட்கவில்லையே நீங்கள்.

மூன்று நாள் கழித்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. பெயர் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததில்லை. அவள் அந்தப் பெயரோடு நூறு வருடம் இருக்கட்டும். போட்டோவை அலமாரியில் வைத்திருக்கிறேன்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும். படிவத்தில் என் இரண்டு வரியை எழுதினீர்களா?

தங்கை

*

ஆகஸ்ட் 27

பூனைக்கண்ணுக்கு,

நலம். நீ நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் பிரார்த்தனை.

உன் கடிதத்தைப் பல தடவை எடுத்தேன், பல தடவை உள்ளே வைத்தேன். நீ கோபித்துக்கொண்டால் நியாயம்தான். ஆனால் நடந்ததைக் கேள். பிரசவ அறையில் இருந்து பிள்ளையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள். ஆறு வருடம் என் முகத்தில் விழிக்காத பையன் என் தோளைத் தொட்டு, "நீங்க ஒரு பேர் சொல்லுங்கப்பா" என்றான். அந்த நேரத்தில் என் வாயில் வந்தது அந்தப் பெயர்தான். யோசித்துச் சொல்லவில்லை, வந்துவிட்டது. ஆஸ்பத்திரி நடைபாதை என்றாலே எனக்கு அந்தப் பெயர்தான் ஞாபகம் வரும். சொன்ன பிறகு, ஐயோ என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எப்படித் திரும்ப வாங்குவது?

உன்னிடம் சொல்லாதது தப்பு. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன்.

கல்லைப் பற்றிக் கவலைப்படாதே. நீ சொன்ன பெயர்தான் போயிருக்கிறது. ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதற்கு நான் பொறுப்பு.

கேமரா சரியாகி வந்துவிட்டது. பழையபடி படம் அனுப்பட்டுமா?

அண்ணன்

*

அக்டோபர் 4

அண்ணாவுக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை. மன்னிக்கவும்.

போன கடிதத்தில் நான் கேட்டது ஒன்று, நீங்கள் சொன்னது ஒன்று. வரியைக் கேட்டேன், பெயரைச் சொன்னீர்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உங்கள் மேல் இருந்த நம்பிக்கையில், நல்லவேளை, பெயர் போய்விட்டது என்று உட்கார்ந்துவிட்டேன்.

சுற்றறிக்கை வந்துவிட்டது. நூலகத்து அம்மாள் போன் போட்டுச் சொன்னார். கடையில் அரைநாள் லீவு கேட்டுவிட்டுப் போனேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன், அதை நினைத்தால்தான் இப்போது கூச்சமாக இருக்கிறது. நான் சொல்லியிருந்த எண்ணைத் தேடி அவர் பக்கத்தை எடுத்து, "நீங்க காத்திருந்த பேர் இதுதானே?" என்று விரல் வைத்துக் காட்டினார். பெயர் இருந்தது. எழுத்து மாறவில்லை. அதற்குக் கீழே இருந்ததை அப்படியே தமிழில் எழுதுகிறேன், உங்களுக்கு மறந்திருந்தால் ஞாபகம் வரட்டும்.

"இவ்வாண்டு மார்ச் மாதம் பிறந்தவள், கண்டுபிடித்தவரின் பேத்தி. இவளுடைய வருகை ஒரு குடும்பத்தை மீண்டும் சேர்த்து வைத்தது."

நன்றாக எழுதுகிறீர்கள், அண்ணா. நல்ல வரி. என்னுடையதைவிட நீளம்.

அதே பக்கத்தில் வேறு பெயர்களும் இருந்தன. நின்றவாக்கில் எல்லாவற்றையும் படித்தேன். ஒருவர் தன் மகளின் பெயரை வைத்திருக்கிறார். இன்னொருவர் தன் மனைவி பெயரை. ஒரு அம்மாள் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் இரண்டு கற்கள் வைத்திருக்கிறார். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. தன் சொந்தப் பெயரைத்தான் வைக்கக் கூடாதாம். பிள்ளைகள் பெயரை வைக்கலாமாம். ஐந்து வருடத்துக்கு முன்னால் நான் பயந்த பயத்துக்கு அர்த்தமே இல்லை. கண்டுபிடித்தவள் என்று என் பெயரைப் போட்டிருந்தால், நானே என் கையால் எழுதியிருப்பேன். என் கண்ணை நானே குத்திக்கொண்டேன். நீங்கள் விரலைப் பிடித்து உதவி செய்தீர்கள், அவ்வளவுதான்.

"நகல் எடுத்துத் தரட்டுமா?" என்று நூலகத்து அம்மாள் கேட்டார். வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கேட்டார், "நீ ஏதோ புத்தகம் வரணும்னு சொல்லிட்டிருந்தியே, வந்துடுச்சா?" இன்னும் இல்லை என்று பொய் சொன்னேன்.

இதைத் திருத்தச் சொல்லி எழுத முடியுமா என்று கேட்க மாட்டேன். அச்சானது அச்சானதுதான் என்று எனக்கும் தெரியும்.

தங்கை

*

அக்டோபர் 22

அன்புத் தங்கைக்கு,

நலமா என்று கேட்கவும் எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

மறைக்காமல் எழுதுகிறேன். படிவம் மேசை மேல் இருந்தது. உன் இரண்டு வரியைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன், சத்தியம். பையன் உள்ளே வந்தான். பெயர்க் கட்டத்தை மட்டும்தான் பார்த்தான். அவன் கண் கலங்கிவிட்டது. "அப்பா, உங்க கல்லுக்கு என் பொண்ணு பேரையா வச்சிருக்கீங்க? இத்தனை வருஷம் அந்தக் கல்லு மேல நான் எரிச்சல் பட்டேனே" என்றான். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். முப்பது வயதுப் பிள்ளை. அதற்குப் பிறகு அந்தப் பென்சில் எழுத்தை நான் எப்படி விட்டுவைப்பது? நீயே சொல்.

நான் உன்னை ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை. எனக்கு என் பிள்ளை திரும்பக் கிடைத்தான். உனக்கு அது புரியாமல் போகாது. இருக்கிறவர்களுக்காகத்தானே எல்லாம். போனவள் அறியப் போவதில்லை. பெயர் என்னவோ வானத்தில் இருக்கிறது. பார்க்கும்போது நீ உன் மகளை நினைத்துக்கொள், அவர்கள் அவர்கள் மகளை நினைத்துக்கொள்ளட்டும்.

இத்துடன் ஒரு ஜோடிப் படம் அனுப்பியிருக்கிறேன். 14ஆம் தேதி எடுத்தது, நல்ல தெளிவு. இந்த வருடத்திலேயே சிறந்த படம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏதாவது மிதந்தால் குறித்து அனுப்பு. மாதம் முடிவதற்குள் மறுபடி பிடிக்காவிட்டால் தொலைந்துவிடும். ஒற்றைக் கண்ணால் நான் தேடிய லட்சணம் உனக்கே தெரியும், மூன்று வாரம் பார்த்து ஒரு தூசியைக் கோள் என்று சொன்னவன். இந்தத் தடவை எது கிடைத்தாலும் உன் பெயரில் போடுகிறேன். நீ விரும்பிய வரியை எழுதலாம். என்னை நம்பு.

என்றும் உன் அண்ணன்

*

அக்டோபர் 29

அண்ணாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். என் வீட்டுக்காரரும் நலம். அண்ணி, பையன், மருமகள், பேத்தி எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். இதை வாய்வார்த்தைக்கு எழுதவில்லை.

பையனைக் கட்டிப்பிடித்தது பற்றி எழுதியிருந்தீர்கள். உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் உங்கள் பிள்ளையை வாங்க என் பிள்ளையைக் கொடுத்திருக்கிறீர்கள். பென்சில் எழுத்தை அழிக்கும் முன் எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். அழு என்றால் அழுதிருப்பேன், சரி என்றால் சரி என்றிருப்பேன். ஏழு மாதம் என்னை ஒரு பெயருக்காக வாசலில் நிற்க வைத்தீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போனவள் அறிய மாட்டாள் என்கிறீர்கள். இருக்கிறவள் நான் அறிந்தேனே.

முந்தாநாள் என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். இனி எதற்கு அந்தப் புத்தகம் என்று, சாப்பிட்டு முடித்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "நம்ம பிள்ளைக்கு நான் ஒரு பேர் வச்சிருந்தேன்" என்று ஆரம்பித்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பெயரைச் சொன்னேன்.

தண்ணீர்ச் சொம்பைத் தள்ளி வைத்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார், "உன் அண்ணன் பேத்தி பேரையா?"

அவர் மேல் தப்பில்லை. அந்தப் பெயரை அவர் முதலில் கேட்டது அந்தப் பிள்ளைக்காகத்தான். நான்தான் பதினேழு வருடம் பிந்திவிட்டேன். முன்னால் சொன்னவள் நான்தான் என்று விளக்கினேன். "அப்படியா, அப்படியா" என்று தலையாட்டினார். நம்பினார். ஆனாலும் அது இனி அவருக்கு உங்கள் பேத்தியின் பெயர்தான். எனக்கும்தான். நேற்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். மஞ்சள் கவுன் போட்ட முகம்தான் வருகிறது. என் மகளுக்கு மறுபடி பெயரில்லை.

படங்கள் வந்து சேர்ந்தன. நேற்றுக் கடை மூடிய பிறகு பெட்டியில் போட்டுப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன், கை கேட்கவில்லை. நீங்கள் சொன்னது சரி, இந்த வருடத்திலேயே நல்ல படம்.

ஒன்று மிதக்கிறது. மங்கல்தான், ஆனால் சந்தேகமில்லை. பட்டியல்களோடு மூன்று தடவை ஒப்பிட்டுவிட்டேன், எதிலும் இல்லை. புதிது.

படங்கள் இரண்டையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். எங்கும் வட்டம் போடவில்லை. அளவும் எழுதவில்லை. மாதம் முடிய இரண்டு நாள்தான் இருக்கிறது, இது உங்களுக்கு வந்து சேர்வதற்குள் அது முடிந்திருக்கும். தெரிந்துதான் செய்கிறேன். அதை என் பெயரில் போடுவதாகச் சொன்னீர்கள். வேண்டாம், அண்ணா. அது பெயரில்லாமலே போகட்டும். அப்படிப் போன ஒருத்தியை எனக்குத் தெரியும்.

இரட்டைக்கண் பெட்டி என்னிடமே இருக்கும். அது என் கடை லென்ஸ்.

இருக்கிற ஒரு கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அளந்தவள்